கார் இன்சூரன்ஸில் சொல்லும் பொய்: எங்கே பிடிபடும், எப்படித் திருத்துவது

இன்சூரன்ஸ் புதுப்பிக்கும்போது மொபைல் திரையில் ஒரு கேள்வி வரும்: "போன வருடம் கிளெய்ம் எடுத்தீர்களா?" எடுத்திருந்தும் "இல்லை" என்று தட்டினால் பிரீமியம் சட்டென்று இறங்கிவிடும். இரண்டு நிமிடத்தில் பாலிசியும் மெயிலில் வந்து சேரும். யாரும் ஒன்றும் கேட்கவில்லை, அதனால் பிரச்சினை இல்லை என்றுதான் தோன்றும். பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். பாலிசி கொடுக்கும்போது கம்பெனி நீங்கள் சொன்னதை நம்பிக் கொடுத்துவிடுகிறது. சொன்னதெல்லாம் உண்மையா என்று தோண்டிப் பார்ப்பது, கார் மோதி மூன்று லட்சம் ரூபாய் எஸ்டிமேட் அவர்கள் மேஜைக்கு வந்த பிறகுதான்.

இந்தியாவில் தனியார் கார்களுக்குத் தரப்படும் வழக்கமான பாலிசியின் நிபந்தனைகளில் ஒரு வரி இருக்கிறது. புரபோசலில், அதாவது பாலிசி கேட்டு நிரப்பும் விண்ணப்பத்தில், நீங்கள் கொடுத்த பதில்கள் உண்மையாக இருப்பது, கம்பெனி பணம் தருவதற்கான முன்நிபந்தனை என்று அது சொல்கிறது. விபத்துக்கும் அந்தப் பொய்க்கும் நேரடித் தொடர்பு இருக்கிறதா என்பது இரண்டாவது கேள்வி. சொன்ன பதில் பொய் என்றாலே கிளெய்மை நிறுத்திவைக்கக் கம்பெனிக்கு ஒரு பிடி கிடைத்துவிடும்.

அதிகம் நடக்கும் பொய் என்சிபி, அதாவது கிளெய்ம் எடுக்காததற்கான போனஸ். கணக்கு இதுதான்: ஒரு வருடம் கிளெய்ம் இல்லையென்றால் 20%, இரண்டு வருடம் 25%, மூன்று 35%, நான்கு 45%, ஐந்து வருடமும் அதற்கு மேலும் 50%. இந்தத் தள்ளுபடி ஓன் டேமேஜ், அதாவது உங்கள் காருக்கான பாதுகாப்பின் பிரீமியத்துக்கு மட்டும்தான். உங்கள் காரால் மற்றவருக்கு ஆகும் பாதிப்புக்கான தேர்டு பார்ட்டி பிரீமியத்தில் ஒரு ரூபாய்கூடக் குறையாது. ஓன் டேமேஜுக்காக ஒரே ஒரு கிளெய்ம் எடுத்தாலும் அடுத்த புதுப்பித்தலில் இது பூஜ்யத்துக்கு வந்துவிடும். உதாரணமாக ஓன் டேமேஜ் பிரீமியம் 14,000 ரூபாய், உங்களுக்கு இருந்தது 50% என்று வைத்துக்கொள்வோம். கிளெய்மை மறைத்தால் மிச்சமாவது 7,000 ரூபாய், அதற்குண்டான வரி தனி. பணயம் வைப்பது அந்த வருடத்தின் மொத்த ஓன் டேமேஜ் பாதுகாப்பை.

மொத்தம் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கம்பெனி மாறி என்சிபி கேட்கும்போது நீங்கள் கொடுக்கும் உறுதிமொழியில், கேட்ட சதவீதம் சரியானது, முடியும் பாலிசியில் கிளெய்ம் எதுவும் இல்லை, இது தவறென்று தெரிந்தால் பாலிசியின் முதல் பிரிவுப் பலன்கள் அனைத்தும் பறிபோகும் என்று இருக்கும். முதல் பிரிவு என்பது உங்கள் காருக்கு ஆகும் சேதமும் திருட்டும். ஆன்லைனில் இது ஒரு சிறிய கட்டமாக வரும். டிக் அடித்தால் கையெழுத்துப் போட்டதற்குச் சமம்.

பழைய கம்பெனியில் எடுத்த கிளெய்ம் புதிய கம்பெனிக்கு எப்படித் தெரியும் என்று கேட்பவர்கள் உண்டு. மோட்டார் டாரிஃப் என்ற பழைய கட்டண விதிகளிலேயே இதற்கு ஏற்பாடு செய்திருந்தார்கள். என்சிபி கொடுத்த கம்பெனி 21 நாளுக்குள் பழைய கம்பெனிக்கு எழுதிக் கேட்க வேண்டும், பழைய கம்பெனி 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். அது போக, ஐதராபாத்தில் இருக்கும் இன்சூரன்ஸ் இன்ஃபர்மேஷன் பீரோவிடம் எல்லாக் கம்பெனிகளின் பாலிசி, கிளெய்ம் விவரங்களும் சேர்கின்றன. வண்டி எண்ணோ சேஸிஸ் எண்ணோ இருந்தால் போதும்.

கம்பெனி அந்த 21 நாளில் விசாரிக்காமல் விட்டுவிட்டு, கிளெய்ம் வந்த பிறகு மட்டும் தோண்டினால் என்ன ஆகும்? நுகர்வோர் ஆணையங்களில் இரண்டு விதமாகவும் தீர்ப்பு வந்திருக்கிறது. சிலவற்றில் முழுக் கிளெய்மும் போயிற்று. சிலவற்றில் கம்பெனியின் அலட்சியத்தையும் கணக்கில் எடுத்து, ஒரு பங்கைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுக்கச் சொன்னார்கள். ஆனால் அதற்குள் வருடங்கள் ஓடிவிடும். கார் அதுவரை வொர்க்‌ஷாப்பில் நிற்கும், அல்லது நீங்களே கைக்காசு போட்டு எடுத்திருப்பீர்கள்.

என்சிபியைக் காப்பாற்ற நேர்மையான வழிகள் இருக்கின்றன, அவற்றைப் பலர் யோசிப்பதே இல்லை. பம்பரில் ஒரு கீறல், டிங்கரிங்கும் பெயின்ட்டும் சேர்த்து 5,000 ரூபாய் என்றால், ஒவ்வொரு கிளெய்மிலும் நீங்களே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவும் பிளாஸ்டிக் பாகத்துக்கான 50% தேய்மானமும் போகக் கைக்கு வருவது சொற்பம். அதற்காக 7,000 ரூபாய் போனஸை இழப்பது நஷ்டம். அந்தச் செலவைக் கையிலிருந்து செய்துவிட்டுக் கிளெய்மே போடாமல் இருப்பது புத்திசாலித்தனம். என்சிபி பாதுகாப்பு என்று, கூடுதல் பணம் கட்டி எடுக்கும் ஒரு ஆட்-ஆனும் கிடைக்கிறது. கிளெய்மைப் பதிவு செய்துவிட்டுப் பிறகு வேண்டாம் என்று விட்டவர்கள், பணம் எதுவும் தரப்படவில்லை என்று கம்பெனியிடம் மெயில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வருடம் அந்தப் பதிவு "கிளெய்ம்" என்று காட்டி நிற்கும்போது உதவும்.

பழைய கார் வாங்குபவர்கள் தெரியாமலே இதில் விழுகிறார்கள். என்சிபி காருக்கு உரியதல்ல, ஆளுக்கு உரியது. விற்றவர் அதைத் தன்னோடு எடுத்துக்கொண்டு போகலாம், கம்பெனி தரும் என்சிபி கடிதம் மூன்று வருடம் செல்லும். ஆகவே அவருடைய பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்றும்போது மீதிக் காலத்துக்கான போனஸ் தொகையைக் கம்பெனி உங்களிடம் வசூலிக்கும். "என்சிபி ரெகவரி" என்று ரசீதில் வருவது இதுதான். அதைக் கட்டாமல் இருக்கப் பெயர் மாற்றத்தையே தள்ளிப்போடுவார்கள், விற்றவர் பெயரிலேயே ஆன்லைனில் புதுப்பித்துக்கொண்டும் இருப்பார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 157-வது பிரிவின்படி தேர்டு பார்ட்டி பாதுகாப்பு தானாகவே வாங்கியவருக்கு மாறிவிடும். ஓன் டேமேஜ் அப்படி மாறாது, 1995-லேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. 14 நாளுக்குள் கம்பெனிக்கு எழுதிப் பாலிசியை மாற்றிக்கொள்ளாதவர் காரை இழந்தால், ஆர்சி ஒருவர் பெயரிலும் பாலிசி இன்னொருவர் பெயரிலும் நிற்கும். இழப்பு யாருடையது என்ற கேள்விக்குப் பதிலே இருக்காது.

அடுத்தது வண்டியின் உபயோகம். ஒயிட் போர்டு காரைச் சொந்த உபயோகம் என்று பாலிசி எடுத்துவிட்டு, முகூர்த்த நாட்களில் வாடகைக்கு விடுவது ஊருக்கு ஊர் நடக்கிறது. விபத்து நடந்தால் உள்ளே இருந்த பயணிகளைக் கம்பெனி அனுப்பும் விசாரணையாளர் தனித்தனியாகச் சந்திப்பார். "எவ்வளவு பேசி வந்தீர்கள்?" என்று சாதாரணமாகத்தான் கேட்பார். வந்தவர்களுக்கு இதில் மறைக்க ஒன்றுமில்லை, தொகையைச் சொல்லிவிடுவார்கள். யுபிஐ-யில் கொடுத்திருந்தால் ரசீதையும் காட்டுவார்கள். வாடகைக்கு ஓட்டுவதாக இருந்தால் மஞ்சள் போர்டுக்கு மாற்றி, பெர்மிட்டோடு வணிக வாகனப் பாலிசி எடுப்பதுதான் வழி.

கேஸ் கிட்டும் அப்படித்தான். வெளியே பொருத்திய சிஎன்ஜி அல்லது எல்பிஜி கிட்டை 14 நாளுக்குள் ஆர்டிஓ-வுக்குத் தெரிவித்து ஆர்சியில் ஏற்ற வேண்டும், பாலிசியிலும் ஏற்ற வேண்டும். டாரிஃப் கணக்கில் கூடுதல் பிரீமியம் கிட்டின் மதிப்பில் 4%. 40,000 ரூபாய் கிட் என்றால் 1,600 ரூபாய், தேர்டு பார்ட்டிக்குச் சிறு தொகை தனி. இந்தச் செலவை மிச்சம் பிடித்தவரின் கார் தீப்பிடித்தால், சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் டிக்கியைத் திறந்ததும் முதலில் பார்ப்பது சிலிண்டரைத்தான். பெட்ரோல் கார் என்று சொன்ன பாலிசியோடு அது ஒத்துப்போகாது. அலாய் வீல், பெரிய மியூசிக் சிஸ்டம் போன்றவற்றைச் சொல்லாமல் விட்டால் பெரும்பாலும் அந்தப் பொருளுக்கு மட்டும்தான் பணம் வராது. இல்லாத திருட்டுத் தடுப்புக் கருவியை இருப்பதாகச் சொல்லித் தள்ளுபடி வாங்குவது வேறு விஷயம். அதில் கிடைப்பது ஓன் டேமேஜில் 2.5%, அதிகபட்சம் 500 ரூபாய். கார் திருடு போனால் அந்த 500 ரூபாய்ப் பொய்தான் ஃபைலின் முதல் பக்கத்தில் இருக்கும்.

இன்னொரு டிக் இருக்கிறது, அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. உரிமையாளரே ஓட்டும்போது இறந்தாலோ நிரந்தரமாக முடங்கினாலோ 15 லட்சம் ரூபாய் தரும் தனிநபர் விபத்துப் பாதுகாப்பு கட்டாயம். ஏற்கெனவே அந்த அளவுக்கு வேறு விபத்துப் பாலிசி வைத்திருந்தால் விலக்கு உண்டு. சில நூறு ரூபாயை மிச்சம் பிடிக்க "எனக்கு வேறு பாலிசி இருக்கிறது" என்று பொய்யாக டிக் அடித்துவிடுகிறார்கள். ஏஜென்ட்டே பிரீமியத்தைக் குறைத்துக்காட்ட அடித்துவிடுவதும் உண்டு. இதில் கம்பெனி எதையும் நிராகரிக்க வேண்டியதே இல்லை, ஏனென்றால் அந்தப் பாதுகாப்பே பாலிசியில் கிடையாது. ஓட்டியவர் இறந்த பிறகு குடும்பம் பாலிசியைப் பிரித்துப் பார்க்கும்போது அந்த வரிக்கு எதிரே பூஜ்யம் இருக்கும். இதைப் படிக்கும்போதே உங்கள் பாலிசியை எடுத்து அந்த வரியைப் பார்த்துவிடுங்கள்.

புதுப்பிக்கும்போது சொல்லும் பொய்யைவிடக் கிளெய்ம் நேரத்தில் சொல்வது ஆபத்தானது, ஏனென்றால் அப்போது எதிரே கேள்வி கேட்கப் பயிற்சி பெற்ற ஆள் இருப்பார். முதலிடம் டிரைவரை மாற்றிச் சொல்வதற்கு. ஓட்டியது லைசென்ஸ் இல்லாத மகன், ஃபாரத்தில் எழுதுவது அப்பாவின் பெயர். அல்லது ஓட்டியவர் குடித்திருப்பார், குடிக்காத டிரைவரை வரவழைத்துக் காட்டுவார்கள். உடம்பே இதைக் காட்டிக்கொடுக்கும். நம் கார்களில் டிரைவரின் சீட் பெல்ட் வலது தோளிலிருந்து இடது இடுப்புக்கு இறங்கும். பக்கத்து சீட்டில் இருப்பவருக்கு இடது தோளிலிருந்து வலது இடுப்புக்கு. பலமான மோதலில் அந்தப் பட்டையின் தடம் மார்பில் சாய்வாகக் கன்றிப்போகும். ஓட்டியதாகச் சொல்பவருக்கு இடது தோளில் தடம் இருந்தால் கதை அங்கேயே முடிந்தது. ஆறடி உயரக்காரர் ஓட்டியதாகச் சொல்லும் காரில் சீட் ஸ்டியரிங்கை ஒட்டி முன்னால் இழுத்திருக்கும். மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டில் முதல் அரை மணி நேரத்தில் யார் என்ன சொன்னார்கள் என்பது எழுதப்பட்டிருக்கும், மது வாடை இருந்ததா என்பது உட்பட. வலியில் இருப்பவர் அந்த நேரத்தில் பொய் யோசிப்பதில்லை.

தேதியை மாற்றுவது அடுத்தது. பாலிசி 10-ஆம் தேதி முடிந்தது, 11-ஆம் தேதி மோதியது, 12-ஆம் தேதி புதுப்பித்து 13-ஆம் தேதி மோதியதாகச் சொல்வார்கள். காலாவதியான பாலிசியைப் புதுப்பிக்கக் காரை வீடியோ எடுத்து அனுப்பச் சொல்வதே இதற்காகத்தான். பழைய வீடியோவை அனுப்பித் தப்பித்தாலும் டோல்கேட் ஃபாஸ்டேக் பதிவு, டோயிங் ரசீது, வொர்க்‌ஷாப் கேட் நோட்டு, போட்டோவுக்குள்ளேயே பதிவாகும் நேரம் என்று ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சாட்சி சொல்லும். தகடே பேசும். புதிதாகக் கிழிந்த இரும்பு பளபளவென்று இருக்கும், நாளானது செம்மண் நிறத்தில் துரு பூத்திருக்கும், மடிப்புக்குள் தூசி படிந்திருக்கும். பழைய அடியையும் இந்தக் கிளெய்மிலேயே சேர்த்துவிடலாம் என்று வொர்க்‌ஷாப்பில் ஆசை காட்டுவார்கள். எதிர் வண்டியின் பம்பர் உயரத்துக்கும் உங்கள் கதவில் விழுந்த அடியின் உயரத்துக்கும் சர்வேயர் டேப் பிடித்துப் பார்ப்பார். சிக்கினால் கிளெய்ம் ஃபாரத்தில் இருப்பது வொர்க்‌ஷாப்காரர் கையெழுத்தல்ல, உங்களுடையது.

கார் திருடு போனால் இரண்டு சாவியும் கேட்பார்கள். ஒன்று முன்பே தொலைந்திருந்தால் அதை அப்படியே எழுதிக் கொடுங்கள். பயந்துபோய் வெளியில் ஒரு டூப்ளிகேட் வெட்டி ஒரிஜினல் என்று கொடுப்பவர்கள் உண்மையான திருட்டையும் சந்தேகக் கேஸ் ஆக்கிவிடுகிறார்கள். வெட்டிய சாவியின் பற்களில் இருக்கும் மெஷின் கோடுகள் பார்த்ததுமே தெரியும். சில கார்களில் வண்டி கடைசியாக எப்போது, எவ்வளவு தூரம் ஓடியது என்பது சாவியிலேயே பதிந்திருக்கும்.

இதுவரை சொன்னது உங்கள் காரின் கதை. அடிபட்டது இன்னொருவர் என்றால் தொகை வேறு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 150-வது பிரிவில், முக்கியமான விஷயத்தை மறைத்தோ பொய் சொல்லியோ வாங்கிய பாலிசி செல்லாது என்று வாதிடக் கம்பெனிக்கு இடம் இருக்கிறது. பாலிசி மீறல் வழக்குகளில் தீர்ப்பாயங்கள் பெரும்பாலும் பாதிக்கப்பட்டவருக்குக் கம்பெனியை முதலில் கொடுக்கச் சொல்லிவிட்டு, அதைக் கார் உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ள அனுமதிக்கின்றன. உயிர் போன வழக்குகளில் இழப்பீடு பல லட்சங்கள். அதை வசூலிக்கக் கம்பெனி தனியாக வழக்குப் போட வேண்டியதில்லை, அதே தீர்ப்பின்மேல் நிறைவேற்று மனு போட்டு உரிமையாளரின் சொத்தைத் தொடலாம். ஏமாற்றும் நோக்கம் நிரூபணமானால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 318(4) பிரிவில் ஏழு வருடம் வரை சிறைத் தண்டனைக்கும் இடம் உண்டு. பழைய 420-தான் அது.

வருத்தமான விஷயம், உண்மையைச் சொல்லியிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய பணத்தையும் பொய் சொல்லித் தொலைத்தவர்கள் நிறைய. டிரைவரின் லைசென்ஸ் போலி என்பது மட்டுமே உரிமையாளருக்கு எதிராகப் போகாது. அவருக்கு அது தெரிந்திருந்தது, அல்லது அவர் கவனிக்கத் தவறினார் என்று கம்பெனி நிரூபிக்க வேண்டும் என்பது 2004-ல் ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. உபயோக நிபந்தனையை மீறிய வண்டிகளுக்கும் முழுவதையும் மறுக்காமல், ஏற்கத்தக்க தொகையில் 75% வரை தரும் முறை 2010-ல் அமலேந்து சாஹு வழக்கில் ஏற்கப்பட்டது. திருட்டை உடனே போலீசில் சொல்லிவிட்டுக் கம்பெனிக்கு மட்டும் தாமதமாகச் சொன்னவரின் கிளெய்மை அந்த ஒரே காரணத்துக்காக மறுக்க முடியாது என்று 2020-ல் குர்ஷிந்தர் சிங் வழக்கில் தீர்ப்பானது. "வாடகைக்குத்தான் போயிருந்தேன்" என்று எழுதியவருக்கு 75% கேட்க ஒரு வழி இருக்கிறது. உறவினர்கள் என்று எழுதி, பிறகு மாட்டியவருக்கு அந்த வழியும் அடைபடும்.

உண்மை சொல்லியும் மறுத்தால் விடாதீர்கள். எந்த நிபந்தனையின்படி மறுக்கிறார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள், சர்வே அறிக்கையின் நகலையும் கேளுங்கள். முதலில் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால், இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். தமிழ்நாட்டுக்குச் சென்னையில் அலுவலகம் இருக்கிறது, கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை, 50 லட்சம் ரூபாய் வரை தீர்ப்புச் சொல்லலாம். கம்பெனியின் முடிவு வந்ததிலிருந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு வருட அவகாசம்.

இப்போது கையில் இருக்கும் பாலிசியில் பொய்யோ தவறோ இருக்கிறது, இன்னும் விபத்து ஒன்றும் நடக்கவில்லை என்றால் சரிசெய்வது சுலபம். "ஏஜென்ட்தான் நிரப்பினார்" என்ற பதில் கிளெய்ம் நேரத்தில் நிற்காது, அதனால் புரபோசல் ஃபாரத்தின் நகலைக் கேட்டு வாங்கி, வண்டி எண், தயாரிப்பு வருடம், எரிபொருள், உபயோகம், போன பாலிசியின் எண், என்சிபி சதவீதம், நாமினி பெயர் என்று ஒவ்வொன்றாக ஆர்சியோடும் பழைய பாலிசியோடும் வைத்துப் பாருங்கள். பிறகு கம்பெனியின் அதிகாரப்பூர்வ மெயிலுக்கு எழுதுங்கள்: பாலிசி எண், வண்டி எண், பதிவாகியிருப்பது என்ன, சரியானது என்ன, வித்தியாசப் பிரீமியம் எவ்வளவு என்று தெரிவித்தால் கட்டிவிடுகிறேன். நான்கு வரி போதும். மன்னிப்புக் கடிதமெல்லாம் வேண்டாம். ஏஜென்ட்டுக்கு வாட்ஸ்அப்பில் சொன்னதோ கால் சென்டரில் பேசியதோ கணக்கில் வராது. என்சிபி என்றால் வித்தியாசத் தொகையை வாங்கிக்கொண்டு எண்டார்ஸ்மென்ட், அதாவது பாலிசியில் செய்த திருத்தத்துக்கான ஆவணம், தருவார்கள். கேஸ் கிட் என்றால் ஆர்சியில் ஏற்றிய நகலையும் கிட்டின் பில்லையும் கேட்பார்கள், சில நேரம் காரையும் வந்து பார்ப்பார்கள்.

பணம் கட்டிய ரசீது மட்டும் போதாது. எண்டார்ஸ்மென்ட் ஷெட்யூல் வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது அது அமலுக்கு வரும் தேதி. திருத்தம் அந்தத் தேதியிலிருந்துதான் செல்லும். அது வரும்வரை காரை வெளியே எடுக்காமல் நிறுத்தி வைத்திருப்பது நல்லது.